கடை நானாவின் ஃபோனில் வந்த வேலை

கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசம்... அதற்கு நடுவில் ஒரு சிவப்பு டெலிபோன். யாரும் எடுத்துக் கதைக்காமல் இருக்க, டயலில் ஒரு சின்னப் பூட்டு.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த ஹனீபா நானாவின் பலசரக்குக் கடையைத்தான் சொல்கிறேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நானும் அம்மாவும் அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டோடு ஒட்டின அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். வீட்டில் ஃபோன் இல்லை. ஒழுங்கையில் பாதிப் பேரிடம் இல்லை. வேலைக்கு அப்ளை பண்ணுகிற எல்லோரும் நானாவின் நம்பரைத்தான் கொடுப்போம்.

கோல் வந்தால் நானா ரிசீவரைப் பருப்பு மூட்டை மேல் வைத்துவிட்டு, வெளியே வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். யாருக்கு எந்தக் கொம்பனியில் இன்டர்வியூ என்று ஒழுங்கைக்கே தெரியும். ரகசியம் என்று ஒன்றும் கிடையாது.

நான் இரண்டு மூன்று இடத்தில் ஏறி இறங்கியும் சரிவரவில்லை. அம்மா பொறுமை இழந்துவிட்டா.

"இதுவும் சரிவராட்டி லண்டன் சம்பந்தத்துக்கு ஓம் சொல்லுறதுதான். பிறகு என்னோட கதைக்க வரக்கூடாது."

எனக்கு லண்டனும் வேண்டாம், போட்டோவில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையும் வேண்டாம். கொழும்புக் கோட்டைப் பக்கம் ஒரு ஷிப்பிங் கொம்பனியில் முதல் இன்டர்வியூ இங்கிலிஷில் நல்லாகத்தான் நடந்தது. இரண்டாவதுக்குக் கூப்பிடுவோம் என்றார்கள்.

கூப்பிட்டபோது நாங்கள் கோயிலில்.

"வியாழக்கிழம பத்து மணிக்கு வரட்டாம்," என்றார் நானா. "இன்னும் கொஞ்சம் விசாரிச்ச. எல்லாம் நான் செல்லிட்டன். நீங்க பயப்படாதீங்க புள்ள."

என்ன சொன்னார் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேணும்.

வியாழக்கிழமை மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த மிஸ் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் மடமடவென்று ஏதோ கேட்டா. எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் ஏறி இறங்க மட்டும்தான் காணும். திருதிருவென்று முழித்தேன். அவ இங்கிலிஷுக்கு மாறினா. சிங்களம் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு என்று உங்கள் அப்பா ஃபோனில் சொன்னாரே என்றா.

அப்பாவா? நான் பள்ளிக்கூடம் போகமுதலே அப்பா செத்துப்போனார்.

நானா ஃபோனில் என்ன சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டாலும் அடுத்த கேள்வியோடு போய்விடும். சொல்லிவிட்டேன். அவர் அப்பா இல்லை, எங்கள் ஒழுங்கைக் கடைக்காரர்... எனக்குச் சிங்களம் வராது... வேலை கிடைக்கவேணும் என்ற ஆசையில் சொல்லியிருப்பார், அவரைக் குறை நினைக்க வேண்டாம். சொல்லும்போதே அழுகை வந்தது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அறிவிக்கிறோம் என்றார்கள். லண்டன்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

நேரே கடைக்குத்தான் போனேன், சண்டை பிடிக்க.

"ஏன் நானா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"அப்பாவா எண்டு கேட்ட, ஓம் எண்டன். கடக்காரன் எண்டு செல்லீந்தா ஃபோன வெச்சீப்பாளே."

"அப்ப சிங்களம்?"

"வேல கெடச்சா அது தன்பாட்டுல வரும்தானே," என்று சீனி நிறுத்துக்கொண்டே சொன்னார். அந்த மனிசனோடு என்னத்தைச் சண்டை பிடிக்கிறது...

அடுத்த கிழமை உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். "சுகந்தி புள்ளே, வேல கெடச்சி!" என்று ஒழுங்கையே அதிரக் கத்தினார் நானா. ஈரக் கையோடு ஓடினேன். அதற்குள் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள். நானா என் அப்பா இல்லை என்று தெரிந்தும் அந்த மிஸ் அவருக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறா. ரிசீவரை வாங்கி, எப்போது வரவேணும் என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா லண்டன் கதையை அதோடு விட்டுவிட்டா.

சிங்களம் வந்தது, நானா சொன்னபடியே. பாதி அவரின் கடையில் நின்று கதைத்துப் பழகியதுதான். நானா இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் ஃபார்மசி.

போன மாதம் என் மகள் ஒரு கொம்பனிக்கு அப்ளை பண்ணினாள். வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டில், அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு லப்டொப்பில் இன்டர்வியூ. திரையில் கேள்வி வருமாம், பதிலை ரெக்கோர்ட் பண்ணி அனுப்பவேணுமாம். கேட்க அந்தப்பக்கம் ஆளே இல்லை...

முடித்துவிட்டு வந்து கேட்டாள்.

"அம்மா, என்னை நல்லாத் தெரிஞ்ச ஒராளின்ர பேர் கேக்கினம். சொந்தக்காரர் சரிவராதாம். பக்கத்து ஃப்ளாட் அங்கிளைப் போடட்டா?"

"போடு," என்றேன்.

"அவற்ற பேர் என்ன?"

எத்தனையோ வருடமாக ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறோம். எனக்குத் தெரியவில்லை.