மருந்தியல் தொண்ணூற்று நாலு சதவீதம்

ஊர்ப் பிள்ளைகளின் எதிர்காலம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். மாடியில் ஓர் அறை, சுழல் நாற்காலி, சுவரெல்லாம் பட்டமளிப்புத் தொப்பி போட்டுச் சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். அதில் ஒன்றுகூட அவரிடம் வந்த பிள்ளை இல்லை. கடையில் வாங்கிய படங்கள். வாசலில் 'கல்வி, தொழில் வழிகாட்டி' என்று ஆள் உயரப் பலகை.

தொழில் என்னவோ சுலபம்தான். பெற்றவர்கள் முதல் நாளே போன் பண்ணுவார்கள். "நீங்க என்ன படிக்க வைக்கலாம்னு நினைக்கிறீங்க?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைப்பார். அப்பா இன்ஜினியரிங் என்றால் இன்ஜினியரிங், அம்மா டாக்டர் என்றால் டாக்டர். அன்றைக்கே அறிக்கை தயார். எட்டுப் பக்கம், வண்ணப் படங்களோடு. மறுநாள் பிள்ளை வந்து நூற்றிருபது கேள்விக்கு மூளையைக் கசக்கிப் பதில் எழுதும். அந்தத் தாளை வாங்கி உள்ளே போய் இழுப்பறையில் போட்டுவிட்டு, அறிக்கையோடு வெளியே வருவார். பெற்றவர்களுக்குத் தலைகால் புரியாது.

"நாங்க நினைச்சதையே சொல்லிட்டீங்களே சார்!"

சொல்லாமல் பின்னே? ஒரு விடைத்தாளைக்கூட அவர் திருத்தியதில்லை. திருத்தவும் தெரியாது, பாவம்.

இந்த மகானுக்கு ஒரே மகள். லிஃப்ட் பழுது பார்க்கும் படிப்பில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கட்டடத்து லிஃப்ட் மக்கர் பண்ணும்போதெல்லாம் மெக்கானிக் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வருவாள். அவருக்கோ அவள் மருந்தியல் படிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி. அப்பா கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

கடைசியில் மனைவிதான் பஞ்சாயத்து பண்ணினாள். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் டெஸ்ட் வைக்கிறீங்கல்ல, இவளுக்கும் வைங்க. அதுல என்ன வருதோ அதுக்குக் கையெழுத்துப் போடுங்க. ரெண்டு பேரும் மறுபேச்சு பேசக் கூடாது."

"எனக்குச் சம்மதம்" என்றார். ஏன் இருக்காது!

மகள் ஒன்றரை மணி நேரம் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தாள். வாங்கினார், உள்ளே போனார், இரண்டே நிமிடத்தில் வந்தார். கையில் எட்டுப் பக்கம்.

"பாத்தியாம்மா! உன்னோட ஒவ்வொரு பதிலையும் அலசி ஆராஞ்சதுல, மருந்தியல் தொண்ணூத்தி நாலு சதவீதம்! நானே எதிர்பாக்கல."

"நான் எதுவுமே எழுதலையேப்பா. வெறும் தாளைத்தான் கொடுத்தேன்."

மனைவி விறுவிறுவென்று உள்ளே போய் இழுப்பறையைத் திறந்தாள். மேலாகக் கிடந்த தாளில் பெயர்கூட இல்லை. அவருக்கு முகம் செத்துவிட்டது.

"என்னோடதையாவது பிரிச்சுப் பாப்பீங்கன்னு நினைச்சேன்" என்றாள் மகள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மனைவி லிஃப்ட் படிப்பு விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து நீட்டினாள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. போட்டார்.

போட்டுவிட்டு, நிஜமாகவே மனசு நொந்துபோய் மகளிடம் சொன்னார்: "லிஃப்ட்தான் வேணும்னு நேத்தே ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தா, அறிக்கையை அப்படியே அடிச்சிருப்பேனேம்மா."