நடு வகுப்பில் நாற்பத்திரண்டாம் இருக்கை

மத்தியானம் இரண்டே முக்கால் ஆகிவிட்டால் டிக்கெட் பரிசோதகருக்கு இருப்புக் கொள்ளாது. விடுமுறை நாளில் வீட்டில் இருந்தாலும் அதே கதைதான். சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் கண்ணயர்ந்திருக்கும் மனைவியின் பக்கத்தில் போய் நிற்பார். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார். அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலேயே சொல்வாள்:

"உயிரோடதாங்க இருக்கேன். நான் போனா முதல்ல உங்ககிட்டதான் சொல்லிட்டுப் போவேன், கவலைப்படாதீங்க. போய் டீ போடுங்க."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அடுப்படிக்குப் போகும் அந்த மனிதர் வாசலில் நின்று இன்னொரு தரம் திரும்பிப் பார்ப்பதை அவள் பார்த்ததில்லை. ஆறு வருஷமாக அவர் நெஞ்சுக்குள் ஒரு பெண்மணி தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருப்பதும் அவளுக்குத் தெரியாது.

ரயிலில் அவருக்கு 'அலாரம்' என்று பெயர். பெட்டியில் யாராவது அசந்து தூங்கினால் அவருக்குப் பொறுக்காது. பார்த்த டிக்கெட்டையே மறுபடி கேட்பார். "உங்க செருப்பு அந்தப் பக்கம் போயிடுச்சு, பாருங்க" என்பார். ஒன்றும் தோன்றாவிட்டால் இருமுவார். தூங்கினவர் முகம் சுளித்துக் கண் விழித்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

"காசு கொடுத்துத் தூங்க வந்தா இந்த ஆளு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எழுப்பி எழுப்பி உக்கார வைக்கிறாரு" என்று ஒரு பயணி புகார்ப் புத்தகத்தில் எழுதியே வைத்துவிட்டார். மேலதிகாரி அம்மா கூப்பிட்டுக் கேட்டார். "சார், உங்களுக்குத் தூக்கம் வராட்டி டாக்டரைப் பாருங்க. மத்தவங்க தூக்கத்துல ஏன் கை வைக்கிறீங்க?" அவர் தலைகுனிந்து நின்றார். என்னவென்று சொல்வார்?

எல்லாம் அந்த நடு வகுப்பு வந்த வருஷம் நடந்தது.

அதுவரை அந்த நெடுந்தூர ரயிலில் இரண்டே வகுப்புகள். ஒன்று, கதவு போட்ட அறைகளும் மெத்தையும் கொண்ட முதல் வகுப்பு. இன்னொன்று, எதிரும் புதிருமாகப் பலகை போட்ட சாதா வகுப்பு. அதில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரின் முழங்காலும் நம் முழங்காலும் பத்து மணி நேரம் குசலம் விசாரித்துக்கொண்டே வரும். இரண்டுக்கும் இடையில் ஒரு பெட்டியைப் புதிதாகக் கோத்தது நிர்வாகம். எல்லா இருக்கைகளும் முன்பக்கம் பார்த்தபடி, உயரமான முதுகு, பொத்தானை அழுத்தினால் பின்னால் சாயும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. "தொந்தரவு இல்லாத பயணம்" என்று விளம்பரம் செய்தார்கள்.

ஒருவரும் ஏறவில்லை. முதல் மூன்று மாதம் அந்தப் பெட்டி காற்று வாங்கிக்கொண்டு ஓடியது. கடைசியில் ஓர் உத்தரவு வந்தது: பரிசோதகர்கள் சாதா வகுப்பு முழுவதும் நடந்து, ஒவ்வொரு பயணியிடமும் நடு வகுப்பு வேண்டுமா என்று கேட்க வேண்டும். மீதிக் கட்டணத்தைக் கட்டினால் அங்கேயே இடம் மாற்றிக் கொடுக்கலாம்.

மற்றவர்கள் கடமைக்குக் கேட்டுவிட்டுப் போனார்கள். நம் பரிசோதகர் அப்படி இல்லை. அவர் பேச்சில் தேன் ஒழுகும்.

"வாழ்க்கையிலதான் நடுத்தரம்னு ஆயிப்போச்சு, ரயில்லயும் அதே பேரா சார்?" என்று ஒருவர் கிண்டல் செய்தால், "வாழ்க்கையில சாய்ஞ்சுக்க இடம் கிடையாதுங்க. இங்க இருக்கு, வாங்க" என்பார். பெட்டி சிரிக்கும். இரண்டு பேராவது எழுந்து வருவார்கள். நிர்வாகம் அவருக்குப் பாராட்டுக் கடிதமே கொடுத்தது.

அப்படி ஒரு நாள் காலையில்தான் மரக்கடைக்காரரையும் அவர் மனைவியையும் பார்த்தார். அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். காலுக்கடியில், மடியில், தலைக்கு மேலே என்று எங்கும் பைகள். மரக்கடைக்காரர் ஜன்னலைப் பார்த்துக் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு முதுகு வலி போலிருக்கே. நடு வகுப்புல ஒரே ஒரு இடம் இருக்கு. நாற்பத்திரண்டு, ஜன்னலோரம். உங்களுக்காகவே வச்ச மாதிரி" என்றார் பரிசோதகர்.

"நான் மட்டும் எப்படித் தம்பி போறது? இந்த மனுஷன் பையை எல்லாம் தனியா பாத்துக்க மாட்டாரு."

"போயேன். ஊரையே மூட்டை கட்டிக் கொண்டாந்தாச்சு, இனி பாத்துக்காம என்ன பண்றது?" என்றார் கணவர், திரும்பிப் பார்க்காமலேயே.

அந்த அம்மாள் எழுந்து பரிசோதகரின் பின்னால் நடந்தாள். இருக்கையில் சாய்ந்ததும், "அப்பாடா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு அவரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிறேன். ஆத்துப் பாலம் வரும்போது மட்டும் எழுப்பி விட்டுடுங்க. கல்யாணமாகி வந்தப்ப பாத்தது. அப்புறம் எப்பவுமே அந்த நேரத்துல பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருப்பேன். பாக்கவே வாய்க்கல."

ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் பச்சை: 'எழுப்பவும்' என்று எழுதி, நிலையத்தின் பெயரை எழுதக் கட்டம் போட்டிருக்கும். மறுபக்கம் சிவப்பு: 'எழுப்ப வேண்டாம்'. பச்சைப் பக்கத்தில் நிலையத்தின் பெயரைத்தான் எழுதலாம். பாலம் நிலையம் இல்லையே? பச்சையை வெறுமனே மாட்டினால் தேநீர் கொண்டு வருபவர் ஒவ்வொரு நிலையத்திலும் எழுப்பிவிடுவார். பரிசோதகர் ஒரு கணம் யோசித்தார். சிவப்பைத் திருப்பி மாட்டினார்.

"என் மனசுலயே எழுதி வச்சுக்கிட்டேம்மா. நானே வந்து எழுப்புறேன்."

வந்தார். பாலம் நெருங்கும்போது, இரண்டே முக்காலுக்கு, சரியாக வந்தார். அந்த அம்மாளின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. முகத்தில் வெயில் விழுந்திருந்தது. கை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். இப்படி ஒரு தூக்கத்தைக் கெடுப்பதா? பாலம் எங்கே போய்விடப்போகிறது, திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளட்டும். திரைச்சீலையை இழுத்துவிட்டு அவர் நடந்துவிட்டார். கீழே ஆறு கடந்துபோயிற்று.

ஐந்து மணிக்குக் கடைசி நிலையம். எல்லாரும் இறங்கிய பிறகும் நாற்பத்திரண்டு இறங்கவில்லை. வெளியே மரக்கடைக்காரர் இரண்டு கையிலும் பைகளோடு, "இன்னும் என்ன பண்றா அவ?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"உயிர் போய் ரெண்டு மணி நேரமும் இருக்கலாம், மூணு மணி நேரமும் இருக்கலாம்" என்றார் டாக்டர்.

இரண்டா? மூன்றா? அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் பரிசோதகரின் ஆறு வருஷமும் அகப்பட்டுக்கொண்டது. அவர் கை நீட்டியபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாளா, இல்லை... அப்போது உயிர் இருந்திருந்தால்? தொட்டிருந்தால்? சாதா வகுப்பில் இருந்திருந்தாலாவது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டிருப்பாரே! யாரும் யார் முகத்தையும் பார்க்காத இடத்துக்குத் தேன் ஒழுகப் பேசிக் கூட்டிப்போனது யார்?

விசாரணைக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பயணியை இடையில் கவனிக்காதது ஏன் என்று கேட்டிருந்தது. வேலை போய்விடுமே என்று பயந்தார். 'தம்மை எழுப்ப வேண்டாம் என்று பயணியே கேட்டுக்கொண்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அட்டை அப்படித்தானே தொங்கியது? யார் மறுக்கப்போகிறார்கள்? படிவத்தின் நகல் ஒன்று மரக்கடைக்காரருக்கும் போயிற்று.

அதன் பிறகு அந்த மனிதர் வருஷத்துக்கு இரண்டு முறை பேரனைப் பார்க்க அதே ரயிலில் வந்தார். பயணிகள் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்ததுமே பரிசோதகர் நடைமேடைக்கு ஓடுவார். "அந்தப் பெட்டியை நீ பாரு, என் பெட்டியை உனக்குத் தர்றேன்" என்று கூட வேலை செய்பவரிடம் மாற்றிக்கொள்வார். அவர் கண்ணில் படாமல் ஆறு வருஷத்தைத் தள்ளிவிட்டார்.

ஒரு நாள் கூட வேலை செய்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. மாற்றிக்கொள்ள ஆள் இல்லை.

பெட்டிக்குள் நுழைந்து, ஒவ்வொரு பலகையாக, "நடு வகுப்பு வேணுமா, நடு வகுப்பு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். குரலில் தேன் இல்லை. அந்த இடம் வந்தது. பெரியவர் இளைத்துப் போயிருந்தார். மடியில் ஒரே ஒரு சின்னப் பை. பரிசோதகர் வாயைத் திறக்கும் முன்பே அவர் நிமிர்ந்தார்.

"நாற்பத்திரண்டு காலியா இருக்கா சார்?"

இருந்தது. இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.

பெரியவர் பின்னால் நடந்து வந்தார். அந்தக் காலடிச் சத்தம் பரிசோதகரின் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. இருக்கையில் உட்கார்ந்த பெரியவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"உங்களை எனக்கு அடையாளம் தெரியுது சார். இத்தனை வருஷமா இந்தப் பெட்டிக்கு வரத் தைரியம் வரல. இன்னைக்கு என்னமோ வந்துட்டேன்." சற்று நிறுத்தி, "அந்தச் சிவப்பு அட்டையை மாட்டி விடுங்க. அவ கேட்ட மாதிரியே" என்றார்.

பரிசோதகர் அட்டையைக் கையில் எடுத்தார். திருப்ப வேண்டும், அவ்வளவுதான். முடியவில்லை.

"அவங்க கேக்கலைங்க ஐயா."

"என்னது?"

"எழுப்ப வேண்டாம்னு அவங்க கேக்கவே இல்ல. நான் எழுதினது பொய். ஆத்துப் பாலம் வரும்போது எழுப்பச் சொன்னாங்க. நான்தான் சிவப்பை மாட்டினேன். பாலம் வந்தப்ப பக்கத்துல வந்து நின்னேன். எழுப்பாமப் போயிட்டேன். நீங்க என்ன பண்ணணுமோ பண்ணுங்க ஐயா. இப்பவே எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுத்துடறேன்."

சொல்லிவிட்டார். அடி விழும் என்று நின்றார். பெட்டியே எழுந்து பார்க்கும்படி பெரியவர் கத்துவார் என்று எதிர்பார்த்தார்.

பெரியவர் கத்தவில்லை. கையை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டார்.

"அன்னைக்கு ரெண்டேகாலுக்கு வண்டி நின்னுச்சில்ல, அந்த நிலையத்துல டீ வாங்கிட்டு வந்தேன் சார். காலையில அவளைத் திட்டிட்டேனேன்னு மனசு கேக்கல. ஆறு பெட்டி நடந்து வந்தேன். இதோ, இந்த இடத்துல நின்னேன். அட்டையைப் பாத்தேன். எம்மேல கோவம், அதான் எழுப்ப வேண்டாம்னு சொல்லி வச்சிருக்கான்னு நெனச்சேன். எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. டீயைக் கீழே ஊத்திட்டுப் போயிட்டேன்."

பயணியின் பக்கத்தில் பரிசோதகர் உட்காரக் கூடாது என்பது விதி. அவர் பக்கத்து இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஐயா..."

"அதுக்கப்புறம் நீங்க அனுப்பின காகிதம் வந்துச்சு. பயணியே கேட்டுக்கொண்டார்னு. ஆறு வருஷமா அதைப் படிக்கிறேன். கோவமாவே போயிட்டாளேன்னு." பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "கோவமா இல்லியா அவ?"

"இல்லைங்க ஐயா. உங்களைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. பையை எல்லாம் தனியா பாத்துக்க மாட்டீங்களேன்னு."

"உங்களை நான் மன்னிச்சிடுவேன்னு எல்லாம் நெனைக்காதீங்க" என்றார் பெரியவர். "அதுக்கு எனக்கு மனசு வராது. ஆனா அவளைக் கடைசியா பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான். அவ எந்திரிச்சு உங்க பின்னாடி நடந்து வந்தாளே, அங்கேருந்து சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

பரிசோதகர் சொன்னார். நடந்து வந்தது, சாய்ந்தது, 'அப்பாடா' என்றது, பாலத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்தது, முகத்தில் விழுந்த வெயில். எல்லாம் சொன்னார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னொரு தடவை."

சொன்னார். நிலையங்கள் வந்தன, போயின. புதிதாக ஏறியவர்கள் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இவர்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை சார்."

மூன்றாம் முறை சொல்லி முடித்தபோது பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"அவ சிரிச்சான்னு சொன்னீங்களே. இப்ப அதை விட்டுட்டீங்க."

பரிசோதகர் திகைத்துப்போனார். சிரித்தாளா? ஆறு வருஷமாக ஓயாமல் நினைத்து நினைத்துத் தேய்ந்துபோன அந்த முகத்தை அவர் மறுபடியும் எட்டிப் பார்த்தார். ஜன்னல் இருந்தது, வெயில் இருந்தது. உதடுகள் மட்டும் தெரியவில்லை. இப்போதுதானே ஒரு பொய்யை இறக்கி வைத்தார்? பெரியவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், தாகத்தோடு.

"சிரிச்சாங்க ஐயா" என்றார் பரிசோதகர்.