கடல் விழுங்காது என்று பிரசங்கித்தேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி ஞாயிறு. வங்காலைப் பக்கம் எங்கள் சின்னக் கோயிலில் அன்று பூசை இல்லை. மடு மாதா திருவிழா வேலையாகப் பங்குச் சுவாமி போயிருந்தார். வழிபாட்டை நடத்தி ஒரு சிறு பிரசங்கமும் வைக்கும்படி மறைக்கல்வி ஆசிரியரான என்னிடம் சொல்லியிருந்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன்.

அன்றைய நற்செய்தி வாசகம், பேதுரு ஆண்டவரை நோக்கித் தண்ணீரில் நடந்து, பயந்து, மூழ்கப் பார்த்தது. கேட்டவர்கள் எல்லாரும் கடற்றொழில் செய்கிறவர்கள். நானோ முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதவன். பேச்சு சூடு பிடித்ததும், "விசுவாசம் உள்ளவனைக் கடல் விழுங்காது" என்று முழங்கிவிட்டேன். வெளியே வந்ததும் பலர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். பெரிய பிரசங்கியாகிவிட்டேன் என்று நானும் நம்பினேன்.

கார்த்திகையில் இறந்தோர் தினப் பூசையில் வாசிப்பதற்காக, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மரித்தவர்களின் பெயரை எழுதித் தருவார்கள். அவற்றைச் சேர்ப்பது என் வேலை. கருவாடு போட்டுப் பிழைக்கும் ஓர் அக்கா, கடலில் போன தன் கணவரின் பெயரை வருடம் தவறாமல் தருகிறவர். உடல் கிடைக்கவில்லை. மெழுகுதிரி கொளுத்த ஒரு கல்லறைகூட இல்லை. அந்தப் பெயரை வாசிப்பது மட்டும்தான் அவருக்கு இருந்தது. அந்த வருடம் அவர் தரவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்து, கடற்கரையில் அவர் கருவாடு காயப்போடும் வாடிக்கே போய்க் கேட்டேன்.

அவர் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "விசுவாசம் இருந்தா கடல் விழுங்காது எண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள். இவரை விழுங்கிப் போட்டுதே. விசுவாசம் இல்லாமல் செத்த மனிசனுக்கு என்னத்துக்குப் பூசை?"

நான் சொன்னது பிழை, பேதுரு பயந்து மூழ்கியபோதும் ஆண்டவர் கையை நீட்டிப் பிடித்தாரே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று தட்டுத்தடுமாறினேன்.

"அப்ப இவரை ஏன் பிடிக்கேல்லை, சேர்?"

பெயர் எழுதும் தாளை மடித்துக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு சுவாமியிடம் கேட்டு, எல்லார் முன்னாலும் நின்று என் பிழையைச் சொன்னேன். கேட்க வேண்டியவர் அங்கே இல்லை. இரண்டு மாதத்துக்கு மேலாகவே அவர் கோயிலுக்கு வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பெயரை நானே எழுதிவிடலாம் என்று பேனையை எடுத்தேன். அவர் தராத பெயரை எழுத எனக்கு என்ன உரிமை? அந்த வருடம் அது வாசிக்கப்படவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

இப்போதும் வகுப்பில் விசுவாசத்தைப் பற்றிப் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம், அன்று அத்தனை பேரில் என் பிரசங்கத்தை முழுதாக நம்பியவர் அந்த அக்கா ஒருவர்தான் என்ற நினைப்பு வந்து என்னைச் சுடுகிறது.