ஒப்புக்கொடுத்த வலி

பாலக்கரையில் பூக்காரம்மா கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் என் இடது கால் செருப்பு பத்தடி பின்னால் கிடப்பது தெரிந்தது. வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், தார்ச் சூடுகூட உறைக்கவில்லை. இடுப்பில் ஜவ்வு விலகி நரம்பை நெரிக்கிறது, ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட்டால் பாதத்துக்கு உணர்ச்சி திரும்பாது என்றார் டாக்டர்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருஷம். தூக்கி உட்கார வைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கும் கால் போனால் இரண்டு பேருமே படுக்கைதான். நிற்க ஒரு கால் மட்டும் கொடு என்று மாதாவிடம் கேட்டேன்.

முழு மயக்கம் கிடையாது. குப்புறப் படுக்க வைத்து, இடுப்போரம் மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் நுழைகிற அளவு துளை வழியாகக் கேமராவை விடுவார்களாம். காலில் சுரீரென்று இழுத்தால் உடனே சொல்லணும், நரம்புக்கு எவ்வளவு கிட்டே போகிறேன் என்று அதில்தான் தெரியும் என டாக்டர் இரண்டு தடவை சொன்னார். தலையாட்டினேன்.

ஆனால் சின்ன வயசில் முதல் நற்கருணை வாங்குவதற்கு முன் புதுநன்மை வகுப்பில் படித்தது உடம்பில் ஊறிப்போச்சு. வலித்தால் வாய் திறக்காதே, ஆண்டவருக்கு ஒப்புக்கொடு. என் ஒரே பிரசவத்திலும் அப்படித்தான் கிடந்தேன். அந்தப் பிள்ளை தங்கவில்லை.

ஆபரேஷன் நடுவே தொடையிலிருந்து கணுக்கால் வரை தீயாய் இழுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு, இது என் வீட்டுக்காரருக்காக ஆண்டவரே என்று மனசுக்குள் சொன்னேன். மறுபடியும் இழுத்தது. மறுபடியும் சொன்னேன். நான் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்ததை நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"டாக்டர், அம்மா கையைப் பாருங்க."

அவர் கை நின்றது. "கால்ல இழுக்குதாம்மா?"

நான் விளிம்பை இன்னும் இறுக்கினேன்.

"கேமராவுக்கு வலி தெரியாதும்மா. நீங்கதான் சொல்லணும்."

"வலிக்குது," என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

அன்று சாயங்காலமே நடக்க வைத்தார்கள். இடுப்பு வலி போயிருந்தது, பாதம் மட்டும் தரையில் இழுபட்டது. கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார் டாக்டர். தூக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் அது அப்படியே கிடந்தது. நரம்பு ரொம்ப நாள் நசுங்கியிருந்தது, மெதுவாகத்தான் வரும், பார்ப்போம் என்றார். நான் அடக்கிய அந்த இரண்டு தடவையில்தான் போச்சோ என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது காலையில் மட்டும் கூலிக்கு ஒருத்தர் வந்து வீட்டுக்காரரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுப் போகிறார். கோயிலில் நான் முழங்காலிடுவதில்லை, பெஞ்சில்தான். ஒப்புக்கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை தாயே, காலைக் கொடு என்று வாய்விட்டே கேட்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு பக்க வாயால் தினமும் ஒரே சொல்தான் கேட்கிறார்.

"விரல்?"

"இன்னைக்கு இல்லைங்க."