மூன்று கேட்டுக்கும் ஒரே ஃபைல்

வருகைப் பதிவுத் திரையில் தன் பெயர் தமிழில் வந்த காலையில், பூவம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பெருக்க வந்த ஏழு வருஷமும், இங்கிலீஷில் எது தன் பெயரென்று வாட்ச்மேனைக் கேட்டுத்தான் விரலால் தொட்டிருக்கிறாள். இதைச் செய்தது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் அறையில் மகிழினி தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

வியாசர்பாடிப் பெண். இரண்டு வருஷமாக கான்ட்ராக்ட். யார்டின் மூன்று கேட் கம்ப்யூட்டரிலும் மூன்று விதமான லினக்ஸ் சிஸ்டம். வருகை பதியும் கேட் புரோகிராம் ஒன்றில் ஏறினால் இன்னொன்றில் படுத்துவிடும். மூன்றிலும் தானாக ஏறும்படி ஒரே பில்ட் ஃபைல் எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் தங்கப்பாண்டி வாக்குக் கொடுத்திருந்தார்.

"அதுல இன்னாம்மா அவ்ளோ கஷ்டம்?" என்று டீயை வைத்தபடி கேட்டாள் பூவம்மா.

"உன்ன இங்க பூவம்மான்றாங்க. ரேசன் கார்டுல?"

"புஷ்பம்மா."

"ஆளு ஒண்ணுதான? அதே கததான்க்கா. உன் பேர காட்ற தமிழ் எழுத்துக்கே மூணு லினக்ஸ்ல மூணு பேரு. மாத்தி கேட்டா, அப்டி ஒண்ணு இல்லவே இல்லன்னுடும். உன் பேரு கட்டம் கட்டமா வரும். எல்லா பேரையும் நாந்தான் அந்த ஃபைல்ல எய்தி வெக்கணும்."

"ரேசன் கடக்காரன விட பேஜாரு புடிச்சதா கீதே!"

சாயங்காலமே, மகிழினிக்கு வேலை நிரந்தரமாக வேண்டுமென்று வடிவுடையம்மனுக்கு நெய்விளக்கு வேண்டிக்கொண்டாள் பூவம்மா.

ஆடி முதல் வெள்ளியன்று மூன்று கேட்டிலும் புரோகிராம் ஏறியது. அன்றே விளக்கையும் ஏற்றிவிட்டாள். ஃபைலில், எழுதியவர் பெயருக்கென்று ஒரு வரி உண்டு. தலைமை அலுவலகத்துக்கு அனுப்புமுன் தங்கப்பாண்டி அதில் மகிழினி பெயரை எடுத்துவிட்டுத் தன் மச்சான் பெயரைப் போட்டார். திங்கட்கிழமை நிரந்தர வேலையும் மச்சானுக்கே போனது. "அதான் வேல முடிஞ்சிடுச்சேம்மா" என்று மகிழினியைக் கிளம்பச் சொன்னார். அம்மன் சும்மாதான் இருந்தாள்.

கேட் வரை பூவம்மா கூடவே போனாள்.

"அந்த ஃபைல அயிச்சிட்டு வந்திருக்கலாம்ல? நாசமாப் போறவனுங்க!" என்றவள், வாயில் சாபம் வந்துவிட்டதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மகிழினி பையைத் தோளில் மாட்டினாள். "அயிச்சா, அடுத்த தபா ஏத்தும்போது உன் பேரும் பூடும்க்கா. என் பேரு போனதோட போவட்டும்."