பத்து நிமிடம் முன்னால்

கடப்பாக்கத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் சரக்கு மென்பொருளை, வாங்குபவரின் ஆர்டர் மென்பொருளோடு இணைக்கப் போயிருந்தேன். மூன்று நாளாக எதிர்ப்பக்கம் ‘அனுமதி இல்லை’ என்றே சொன்னது. கடவுச்சொல் மாதிரியான ரகசியச் சாவியை நான்கு முறை மாற்றினேன். இணைப்பு கிடைக்காமல் லாரி கிளம்பாது. வாசலில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

எடை போடும் அக்கா எட்டிப் பார்த்தார். “இன்னா சார், இன்னும் ஆவலையா?”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏன் மாட்டேங்குதுன்னு தெரியல.”

“அந்தக் கம்ப்யூட்டர்ல மணி பத்து நிமிசம் முன்னாடி ஓடிக்கினு கீது சார். யாரும் லேட்டா வரக்கூடாதுன்னு மொதலாளி வச்சது.”

இணைப்பு கேட்டு நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு அனுமதிச் சீட்டிலும் அந்தக் கம்ப்யூட்டரின் நேரம் பதிவாகும். இன்னும் வராத நேரம் போட்ட சீட்டை எவன் ஏற்பான்? மணியைத் திருத்தியதும் இணைப்பு கிடைத்தது.

முதல் நாளே அந்த மணியை என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையாட்டியவன் நான். பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று அதையும் பத்து நிமிடம் முன்னால்தான் வைத்திருந்தேன்.