காலையில் கொடுத்த மருந்து

ஆயம்மாவை நினைத்தாலே அவர் இடுப்பில் செருகியிருந்த, சளி இருமலுக்கான பாணி மருந்துப் போத்தல்தான் முதலில் கண்ணில் நிற்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுப்போவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையை எடுக்கக் கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை. திருப்பி அனுப்பினால் தாய்க்கு அன்றைய சம்பளம் போய்விடும். அதனால் தாய்மார் ஒரு கரண்டி சளிக்காய்ச்சல் மருந்தை ஊற்றி, உடம்பு குளிர்ந்த பிறகு வாசலுக்குத் தூக்கிவருவார்கள். இதெல்லாம் ஊரறிந்த சங்கதி, ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

ஒரு மழைநாளில் அப்படி வந்த கைக்குழந்தையின் நெற்றியை ஆயம்மா தொட்டுப் பார்த்தார். சூடில்லை. பால் நேரத்தில் பிள்ளை விடாமல் இருமவே, மஸ்கெலியா டவுன் கடையில் தானே வாங்கிவைத்திருந்த போத்தலிலிருந்து ஒரு கரண்டி கொடுத்தார். பாசத்தில் செய்ததுதான். பிள்ளை தூங்கியது. பகல் பாலுக்கு எழுப்பினேன், எழும்பவில்லை. காலைக் கிள்ளினேன். தலை துவண்டு என் கையில் சாய்ந்தது.

கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கொழுந்து மலையிலிருந்து ஓடிவந்து ஏறிய தாயிடம், "என்னா குடுத்த புள்ள, சொல்லிரு" என்று ஆயம்மா வழியெல்லாம் கெஞ்சினார். அவள் வாயே திறக்கவில்லை. டாக்டரின் மேசையில் போத்தலை வைத்து, "நான்தாங்க குடுத்தேன்" என்றார் ஆயம்மா. அப்போதுதான் தாய் உடைந்து அழுதாள். "காலையில நானும் குடுத்தேங்க. திருப்பி அனுப்பிருவாங்கன்னு சொல்லல." அவள் சொன்ன மருந்துக்கும் ஆயம்மாவின் போத்தலுக்கும் பேர் வேறு, உள்ளே இருந்தது ஒரே மருந்து. அந்த வயதுக்குக் கொடுக்கவே கூடாதது என்றார் டாக்டர். பிள்ளை மறுநாள்தான் கண் திறந்தது.

அதன்பிறகு ஆயம்மா வாசலில் ஒவ்வொரு தாயிடமும், "காலையில என்னா மருந்து குடுத்தீங்க? உண்மையச் சொல்லுங்க, புள்ளைய திருப்ப மாட்டேன்" என்று கேட்பார். மேலிடத்தில் ஏசினார்கள். அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

இன்று என் மகளுக்குச் சளி. வீட்டுக்கு வந்தால் மேசையில் புதுப் போத்தல். "பார்மசியில கேட்டேன், நல்லதாம். ஒரு கரண்டி குடுத்துட்டேன்" என்கிறார் கணவர். மகள் தூங்குகிறாள். என்னால் உட்கார முடியவில்லை. அவள் மூச்சைப் பார்ப்பதும் போத்தலைப் பார்ப்பதுமாக நிற்கிறேன்.

"இதுக்கு முன்னாடி வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?"

அவர் முகம் மாறுகிறது. "சொன்னா ஏசுவ."

"ஏச மாட்டேன். சொல்லுங்க."

அலமாரியைத் திறந்து ஒரு பழைய போத்தலை எடுத்து நீட்டுகிறார். இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மகளைத் தூக்குகிறேன்.